ரிப்போர்ட்ல 'நெகட்டிவ்'னு வந்துடுச்சா? ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட் சொல்வதும்... சொல்லாமல் விடுவதும்!

அம்பத்தூர் எஸ்டேட்டில் உங்களுக்குப் புது வேலை. 'ஜாயின் பண்றதுக்கு முன்னாடி மெடிக்கல் ரிப்போர்ட் கொண்டு வாங்க' என்கிறார்கள். ஆவடியில் இருக்கும் உங்கள் அக்காவுக்கு இது மூன்றாவது மாதம், முதல் செக்கப். பூந்தமல்லி நண்பன் ஒருவன் கல்ஃப் வேலைக்காக விசா மெடிக்கலுக்கு வரிசையில் நிற்கிறான். மூன்று பேரிடமும் ரத்தம் எடுக்கிறார்கள். சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பி.டி.எஃப் வருகிறது. சுகர், ஹீமோகுளோபின் என்று போகும் வரிகளுக்கு நடுவில் ஒரு வரி: 'ஹெச்.பி.எஸ்.ஏஜி - நெகட்டிவ்'. சில லேப்களில் அதையே 'நான் ரியாக்டிவ்' என்று போடுவார்கள்.

'அப்பாடா'னு அடுத்த மெசேஜுக்குப் போயிடுவோம். போகலாம், பெரும்பாலானவர்களுக்கு அந்த வரி சரியாகத்தான் இருக்கும். ஆனால், ஹெபடைட்டிஸ் பி வைரஸ் உடம்பில் இருக்கும்போதே அந்த வரி 'நெகட்டிவ்' என்று வருவதும் உண்டு. அதற்கான காரணங்களில் ஒன்று, வைரஸ் தன் முகத்தை மாற்றிக்கொள்வது.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் 1991-லிருந்து எல்லாக் குழந்தைகளுக்கும் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி பரிந்துரைக்கப்பட்டு வந்தது. 2025 டிசம்பரில் அந்நாட்டின் தடுப்பூசி ஆலோசனைக் குழு ஒரு மாற்றத்துக்கு வாக்களித்தது. அம்மாவின் டெஸ்ட் நெகட்டிவ் என்றால், பிறந்த உடனே போடும் டோஸ் வேண்டுமா என்பதைப் பெற்றோரும் டாக்டரும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். வேண்டாம் என்றால் இரண்டு மாதத்துக்குப் பிறகு ஆரம்பிக்கலாம் என்பதுதான் அந்த முடிவு. அந்நாட்டுக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கம் இதை ஏற்கவில்லை.

கவனித்தீர்களா? அந்த முடிவு மொத்தமும் நிற்பது ஒரே ஒரு வரியின் மேல். 'அம்மாவின் டெஸ்ட் - நெகட்டிவ்'. அந்த வரி எவ்வளவு பாரம் தாங்கும்?

கார்டு எதைத் தேடுகிறது?

1960-களில் அமெரிக்க விஞ்ஞானி பரூக் ப்ளம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் ரத்தத்தில் விநோதமான ஒரு புரதத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்றே பெயர் வைத்தார்கள். அது ஹெபடைட்டிஸ் பி வைரஸின் மேல் சட்டை என்பது பிறகுதான் புரிந்தது. 1976-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28-ஐத்தான் இன்று உலக ஹெபடைட்டிஸ் தினமாகக் கடைப்பிடிக்கிறோம்.

அந்த மேல் சட்டைதான் உங்கள் ரிப்போர்ட்டில் வரும் ஹெச்.பி.எஸ்.ஏஜி. இந்த வைரஸ் தனக்குத் தேவையானதைவிட ஏராளமாகச் சட்டை தைத்து ரத்தத்தில் விட்டுவிடும். அதனால் வைரஸைத் தேடுவதைவிட சட்டையைத் தேடுவது சுலபம். கொரோனா காலத்தில் வீட்டிலேயே டெஸ்ட் பண்ணினோமே, அந்த மாதிரி கார்டுதான் இதற்கும். சட்டையைப் பிடித்துக்கொள்ளும் ஆன்டிபாடி அதில் ஒட்டப்பட்டிருக்கும். சட்டை வந்து மாட்டினால் இரண்டு கோடு, மாட்டாவிட்டால் ஒரு கோடு. அவ்வளவுதான் மேட்டர். பெரிய லேப்களில் மெஷினில் செய்யும் எலைசா, சி.எல்.ஐ.ஏ டெஸ்ட்களுக்கும் அடிப்படை இதேதான். ஆனால், அவை கார்டைவிட மிகக் குறைந்த அளவையும் பிடித்துவிடும்.

ரேஷன் கடை கைரேகை மாதிரி!

ரேஷன் கடையில் பாட்டி விரல் வைக்கிறார். மெஷின் ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைக்கிறார், மறுபடியும் ஏற்கவில்லை. பல வருஷம் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து ரேகையே மழுங்கிவிட்டது. அதே பாட்டிதான், அதே கார்டுதான். ஆனால், மெஷினுக்குத் தெரிந்த ரேகை இப்போது விரலில் இல்லை. அதற்காக 'பாட்டியே இல்லை' என்று யாராவது சொல்வோமா?

ஹெபடைட்டிஸ் பி டெஸ்ட்டில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். சட்டையின் எல்லா இடத்தையும் டெஸ்ட் பார்ப்பதில்லை. சட்டைப்பை மாதிரி துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்னப் பகுதியைத்தான் ஆன்டிபாடிகள் முக்கியமாக அடையாளம் காண்கின்றன. அதற்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் 'ஏ டிட்டர்மினன்ட்'. அந்த இடத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறினால்கூட பையின் வடிவம் மாறலாம். வடிவம் மாறினால் ஆன்டிபாடி பிடிக்காமல் போகலாம். வைரஸ் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும், கார்டில் ஒரு கோடு மட்டும் வரும்.

இதில் ரொம்பப் பிரபலமானது 'ஜி145ஆர்' என்ற திரிபு. சட்டைப் புரதத்தின் 145-வது இடத்தில் கிளைசின் இருக்க வேண்டும். அங்கே ஆர்ஜினின் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1990-ல் லான்செட் இதழில் இத்தாலியைச் சேர்ந்த ஒரு குழந்தையின் கதை வெளிவந்தது. அம்மாவுக்கு ஹெபடைட்டிஸ் பி இருந்தது. குழந்தைக்குத் தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் இரண்டும் போட்டிருந்தார்கள். இருந்தும் தொற்று வந்துவிட்டது. அந்த வைரஸின் மரபணுவைப் பார்த்தபோது, 145-வது இடம் மாறியிருந்தது. தடுப்பூசி உருவாக்கும் ஆன்டிபாடியும், டெஸ்ட்டில் இருக்கும் ஆன்டிபாடியும் அதே இடத்தைத்தான் குறிவைக்கின்றன. அதனால் ஒன்றிடமிருந்து நழுவும் வைரஸ் மற்றொன்றிடமிருந்தும் நழுவக்கூடும்.

ஏன் இப்படி மாறுகிறது?

இந்த வைரஸின் மரபணு ரொம்பச் சின்னது. சுமார் 3,200 எழுத்துகள்தான். தன்னை நகலெடுக்கும்போது பிழை திருத்திப் பார்க்கிற பழக்கம் இதற்கு இல்லை. வேகமாக டைப் பண்ணிவிட்டு ஒருமுறைகூடப் படித்துப் பார்க்காமல் அனுப்பும் மெசேஜ் போல. பெரும்பாலான பிழைகள் வைரஸுக்கே உதவாமல் அழிந்துவிடும். ஆன்டிபாடியிடமிருந்து தப்பிக்க உதவும் பிழை மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இடத்தை மிச்சப்படுத்த, ஒரே எழுத்துகளை இரண்டு விதமாகப் படித்து இரண்டு புரதங்களைச் செய்கிறது இந்த வைரஸ். ஒன்று மேல் சட்டை. மற்றது நகலெடுக்கும் என்சைம். நியூஸ்பேப்பரில் முன்பக்கச் செய்தியை வெட்டினால் பின்பக்கத்திலும் ஓட்டை விழுமே, அதே கதைதான். லாமிவுடின் போன்ற பழைய மருந்துகளுக்கு அடங்காமல் போக வைரஸ் என்சைமை மாற்றிக்கொண்டால், சில சமயம் சட்டையும் சேர்ந்து மாறுகிறது. இப்போது தரப்படும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மருந்துகளிடம் இந்த மாதிரி மருந்துக்கு அடங்காமை மிகவும் குறைவு. மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிடுவதும், நீங்களாகவே நிறுத்துவதும் ஏன் ஆபத்து என்பது இங்கேதான் புரியும். திடீரென்று நிறுத்தினால் கல்லீரல் கடுமையாகப் பாதிக்கப்படலாம்.

பயப்படணுமா?

வேண்டாம். இந்தத் திரிபுகள் வெளியே தெரிந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. கிட் தயாரிப்பவர்களும் சும்மா இல்லை. நல்ல கிட்களில் இப்போது ஒரே ஒரு ஆன்டிபாடியை நம்புவதில்லை. சட்டையின் வெவ்வேறு இடங்களைப் பிடிக்கும் பல ஆன்டிபாடிகளைக் கலந்து வைக்கிறார்கள். ஒன்று கோட்டைவிட்டாலும் இன்னொன்று பிடிக்கும்.

தடுப்பூசியும் தோற்றுப்போகவில்லை. தைவானில் 1984-ல் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட ஆரம்பித்தபோது, அங்கே குழந்தைகளில் சுமார் 10 சதவிகிதம் பேருக்கு இந்த வைரஸ் இருந்தது. பிறகு அது 1 சதவிகிதத்துக்கும் கீழே போனது. 'வைரஸ் உருமாறிடுச்சு, ஊசி வேஸ்ட்' என்று குடும்ப குரூப்பில் யாராவது ஃபார்வர்டு போட்டால், இந்த ஒரு கணக்கைச் சொன்னால் போதும்.

உண்மையில், நெகட்டிவ் ரிப்போர்ட் தவறாகிப்போவதற்கு உருமாற்றத்தைவிடச் சாதாரணமான காரணங்கள் அதிகம்.

* சீக்கிரமாக டெஸ்ட் எடுப்பது: தொற்று நுழைந்து சராசரியாக நான்கு வாரம் கழித்துத்தான் டெஸ்ட்டில் தெரியும். சிலருக்கு ஒன்பது வாரம்வரைகூட ஆகலாம். போன வாரம் திருவிழாக் கடையில் டாட்டூ குத்திவிட்டு இந்த வாரம் டெஸ்ட் எடுத்தால் அந்த நெகட்டிவுக்கு அர்த்தமே இல்லை.

* வைரஸ் பதுங்கியிருப்பது: சிலருக்குச் சட்டைப் புரதம் அளவிட முடியாத அளவுக்குக் குறைந்துபோயிருக்கும். ஆனால், கல்லீரலுக்குள் வைரஸின் டி.என்.ஏ இருக்கும். டாக்டர்கள் இதை 'மறைந்திருக்கும் ஹெபடைட்டிஸ் பி' என்கிறார்கள். உருமாறிய வைரஸும் சில சமயம் இந்தக் கணக்கில்தான் வரும்.

* பயோட்டின் மாத்திரை: முடி வளர இன்ஸ்டாவில் பார்த்து வாங்கிச் சாப்பிடுகிறீர்களா? அதிக டோஸ் பயோட்டின் சிலவகை லேப் மெஷின்களைக் குழப்பி, ரிசல்ட்டையே மாற்றிவிடும் என்று அமெரிக்காவின் எஃப்.டி.ஏ 2017-ல் எச்சரித்தது. ரத்தம் கொடுக்கும் முன் லேப்பில் சொல்லிவிடுங்கள்.

மொடாசா சொன்ன பாடம்

உருமாற்றம் ஏமாற்றுவது ஹெச்.பி.எஸ்.ஏஜி-யை மட்டுமல்ல. வைரஸ் எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று பார்க்க 'ஹெச்.பி.இ.ஏஜி' என்று இன்னொரு டெஸ்ட் உண்டு. 'இ நெகட்டிவ் என்றால் வைரஸ் அமைதியாக இருக்கிறது' என்று ஒரு காலத்தில் நம்பினார்கள்.

2009-ல் குஜராத்தின் மொடாசா பகுதியில் ஹெபடைட்டிஸ் பி திடீரென்று பரவிப் பலர் இறந்தார்கள். சரியாகச் சுத்தம் செய்யாத சிரிஞ்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியதுதான் பரவக் காரணம். புனேவின் தேசிய வைராலஜி நிறுவனம் ஆராய்ந்தபோது, அங்கே சுற்றிய வைரஸில் 'ப்ரீகோர்' என்ற பகுதியில் உருமாற்றங்கள் இருந்தன. அந்தப் பகுதியில் வரும் ஒரு முக்கியமான திரிபில் 'இ' புரதம் தயாராகாது. ஆனால் வைரஸ் பெருகிக்கொண்டே இருக்கும். இந்தியாவில் அதிகம் காணப்படும் 'டி' வகை ஹெபடைட்டிஸ் பி-யில் இந்தத் திரிபு சுலபமாக வரக்கூடியது. அதனால்தான் இப்போது டாக்டர்கள் 'இ' டெஸ்ட்டை மட்டும் பார்த்து முடிவு செய்வதில்லை. கல்லீரல் என்சைம் அளவையும், பி.சி.ஆர் மூலம் வைரஸ் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

நம்ம ஊர் கீழாநெல்லி கதை

'மஞ்சள் காமாலையா? கீழாநெல்லி அரைச்சுக் குடி.' இது நம் எல்லா வீட்டிலும் கேட்ட வசனம். இதைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்தது பலருக்குத் தெரியாது. பேராசிரியர் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர், அதே ப்ளம்பெர்க்குடன் சேர்ந்து 1988-ல் லான்செட்டில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ஹெச்.பி.எஸ்.ஏஜி மறைந்துவிட்டது. வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால், பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் இந்த அளவு பலன் திரும்பக் கிடைக்கவில்லை. அதனால் கீழாநெல்லி இன்றுவரை ஹெபடைட்டிஸ் பி-க்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையாகவில்லை. இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. ஒரு டெஸ்ட்டில் ஒரு கோடு மறைவதை வைத்து 'குணமாயிடுச்சு' என்று முடிவுகட்ட முடியாது. மருந்து குடித்ததும் மஞ்சள் இறங்கிவிட்டது என்பவர்களில் பலருக்கு வந்தது, தண்ணீர் மூலம் பரவி பெரும்பாலும் தானாகவே சரியாகும் ஹெபடைட்டிஸ் ஏ அல்லது இ-யாக இருந்திருக்கும். நாள்பட்ட ஹெபடைட்டிஸ் பி-யோ பல வருஷங்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. மஞ்சள் தெரியும்போது கல்லீரல் சுருங்கிப்போயிருக்கலாம்.

ஒன்றுக்குப் பதில் மூன்று

சரி, பாட்டியின் ரேகை விழாவிட்டால் ரேஷன் கடையில் என்ன செய்கிறார்கள்? கருவிழி ஸ்கேன், ஓ.டி.பி என்று வேறு வழி வைத்திருக்கிறார்கள். இங்கேயும் அதே டெக்னிக்தான். அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி 2023-ல், 18 வயது தாண்டிய எல்லோரும் வாழ்நாளில் ஒருமுறையாவது மூன்று டெஸ்ட்களைச் சேர்த்து எடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது.

* ஹெச்.பி.எஸ்.ஏஜி: இப்போது தொற்று இருக்கிறதா என்று பார்ப்பது.

* ஆன்டி ஹெச்.பி.எஸ்: பாதுகாப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. தடுப்பூசி போட்டு முடித்து ஓரிரு மாதத்தில் எடுக்கும்போது, இந்த அளவு 10 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஊசி வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம்.

* ஆன்டி ஹெச்.பி.சி: எப்போதாவது இந்த வைரஸ் உங்கள் உடம்புக்குள் வந்திருக்கிறதா என்று பார்ப்பது.

மூன்றாவதுதான் இங்கே ஹீரோ. இது சட்டையைப் பார்ப்பதில்லை. வைரஸின் உள்கூட்டுக்கு எதிராக உடம்பு தயாரித்த ஆன்டிபாடியைத் தேடுகிறது. சட்டை எப்படி உருமாறினாலும் இந்த டெஸ்ட்டை அது ஏமாற்ற முடியாது. ஆனால், இது பாசிட்டிவ் என்றாலே நோய் இருப்பதாக அர்த்தமில்லை. எப்போதோ வந்து சரியாகிப் போயிருக்கலாம். ஹெச்.பி.எஸ்.ஏஜி நெகட்டிவ், ஆன்டி ஹெச்.பி.சி மட்டும் பாசிட்டிவ் என்று வந்தால், டாக்டரிடம் 'டி.என்.ஏ டெஸ்ட் தேவையா?' என்று கேளுங்கள்.

எல்லோரும் நாளைக்கே லேப்புக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால், அம்மாவுக்கோ, கூடப்பிறந்தவருக்கோ, கணவன் மனைவிக்கோ ஹெபடைட்டிஸ் பி இருந்தால், காரணம் தெரியாமல் கல்லீரல் என்சைம் ஏறியிருந்தால், டயாலிசிஸில் இருந்தால், கீமோதெரபி போன்ற எதிர்ப்புசக்தியைக் குறைக்கும் சிகிச்சை தொடங்கப்போகிறீர்கள் என்றால், ஒற்றை வரி நெகட்டிவோடு நிறுத்தாதீர்கள். கடைசியில் சொன்னது ரொம்ப முக்கியம். எதிர்ப்புசக்தி இறங்கியதும், இத்தனை வருஷம் பதுங்கியிருந்த வைரஸ் எழுந்துவிடும்.

இதற்கு நேரெதிராகவும் நடக்கும். தடுப்பூசி போட்ட சில நாள்களில் டெஸ்ட் எடுத்தால், ஊசியில் இருக்கும் சட்டைப் புரதமே பாசிட்டிவ் காட்டலாம். விசா மெடிக்கலுக்கு முந்தின வாரம் ஊசி போட்டுக்கொண்டு போய் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ரத்தம் கொடுக்கிறவர்களுக்கு...

அம்பத்தூர் ஐ.டி பார்க்குகளிலும் கல்லூரிகளிலும் ரத்ததான முகாம்கள் அடிக்கடி நடக்கும். நீங்கள் கொடுக்கும் ஒவ்வொரு யூனிட்டையும் ஹெச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிஃபிலிஸ், மலேரியா என ஐந்துக்கும் சோதிப்பது இந்தியாவில் கட்டாயம். வைரஸின் மரபணுவையே நேரடியாகத் தேடும் 'நாட்' டெஸ்ட் சில ரத்த வங்கிகளில் உண்டு. சட்டை மாறியிருந்தாலும், தொற்று புதிதாக இருந்தாலும் அது பெரும்பாலும் பிடித்துவிடும். ஆனால், செலவு அதிகம், நாடு முழுக்கக் கட்டாயமும் இல்லை. ஆகவே, முகாமில் தரும் ஃபார்மில் 'சமீபத்தில் டாட்டூ போட்டீர்களா?' என்ற கேள்விக்கு உண்மையாக டிக் அடிப்பதும் ஒருவகை டெஸ்ட்தான். மெஷின் தவறவிடுவதை உங்கள் பதில் பிடித்துவிடும்.

மறுபடியும் அந்த முதல் ஊசி

இப்போது அமெரிக்கக் கதைக்கு வருவோம். பிறந்த குழந்தைக்கு இந்தத் தொற்று வந்தால், சுமார் 90 சதவிகிதம் பேருக்கு அது நாள்பட்ட நோயாகிவிடும். பெரியவர்களுக்கு வந்தால் அப்படி ஆவது 5 சதவிகிதத்துக்கும் குறைவு. ஆகவே, அம்மாவின் டெஸ்ட்டில் தவறு நடந்தால் அதற்கான விலையைக் குழந்தைதான் கொடுக்கும். உருமாறிய வைரஸ், மூன்றாவது மாத செக்கப்புக்குப் பிறகு வந்த தொற்று, மாறிப்போன சாம்பிள், தொலைந்துபோன ரிப்போர்ட் என எது நடந்தாலும் தாங்கிக்கொள்வதற்காகத்தான் அந்த முதல் டோஸ்.

இந்தியாவில் அந்த நியாயம் இன்னும் வலுவானது. உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி, இங்கே சுமார் 2.98 கோடி பேர் ஹெபடைட்டிஸ் பி-யோடு வாழ்கிறார்கள். நம் தடுப்பூசி அட்டவணைப்படி, அம்மாவின் ரிப்போர்ட் எதுவாக இருந்தாலும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஊசி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் ஊசி. டெஸ்ட் தவறலாம் என்பதை ஒப்புக்கொண்டு போடப்பட்ட திட்டம் இது. அதைவிடப் புத்திசாலித்தனம் வேறில்லை.

உங்கள் கதை என்ன? தமிழ்நாட்டில் இந்தத் தடுப்பூசி அரசுத் திட்டத்தில் பரவலாக வந்தது 2007-08 வாக்கில்தான். அதற்கு முன் பிறந்தவர் என்றால், உங்களுக்குப் போடாமலே விட்டிருக்கலாம். அம்மாவிடம் கேளுங்கள், பழைய ஊசி அட்டை இருந்தால் தேடுங்கள். போடவில்லையென்றால் டெஸ்ட் எடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் மூன்று டோஸ் போட்டுக்கொள்ளலாம்.

ஒருவேளை ரிப்போர்ட் பாசிட்டிவ் என்று வந்தால்? கூடச் சாப்பிடுவதாலோ, கட்டிப்பிடிப்பதாலோ இது பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகியவைதான் முக்கிய வழிகள். 2018-ல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டெஸ்ட்டும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். நண்பன் விசா மெடிக்கலில் பாசிட்டிவ் ஆகித் திரும்பி வந்தால், முதலில் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். அட்வைஸை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஆவடி அக்காவுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது. பிரசவ நாளில் ஸ்வீட் பாக்ஸ் வாங்க ஓடுவதற்கு முன் நர்ஸிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'பாப்பாவுக்கு ஹெபடைட்டிஸ் பி ஊசி போட்டாச்சா சிஸ்டர்?'